ஊட்டிக் குளிரில் ஓநாய் நாயகன்: காதல் கதை எழுதுவது எப்படி

பௌர்ணமியன்று ஓநாயாக உருமாறும் மனிதன்தான் நாயகன், கதை நடப்பது ஊட்டியில். முதலில் ஒன்று, நீலகிரிச் சோலைக்காட்டில் ஓநாய் கிடையாது. அது வறண்ட சமவெளிப் பிராணி. அதனால் நாயகன் கீழே எங்கிருந்தோ மலையேறி வந்தவன் என்று வையுங்கள், ஏன் வந்தான் என்பதிலேயே பாதிக் கதை கிடைத்துவிடும். இல்லையென்றால் முதுமலையில் நிஜமாகவே இருக்கும் செந்நாயாக மாற்றிவிடுங்கள். ஆனால் செந்நாய் ஊளையிடுவதைவிட விசிலடித்துத்தான் தன் கூட்டத்தைக் கூப்பிடும், வேட்டையும் பெரும்பாலும் பகலில்தான், ஆக பௌர்ணமி சமாசாரத்தை நீங்களே கொஞ்சம் வளைக்க வேண்டும்.

வேலை கொடுங்கள். கோடீஸ்வர எஸ்டேட் முதலாளி வேண்டாம், சலித்துவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்ப்பவன், மாதம் ஒருநாள் மட்டும் லீவு கேட்கிறான், சூப்பர்வைசர் முறைக்கிறார். நாயகி அதைக் கவனிக்கிறாள். சந்தேகம் அங்கே தொடங்கட்டும்.

சங்கப் பாட்டில் குறிஞ்சித் திணைக்குப் பொழுது யாமம், பருவம் கூதிரும் முன்பனியும், ஒழுக்கம் புணர்தல். நடுராத்திரியில் விலங்கு திரியும் மலைவழியே காதலியைத் தேடி வருபவன் நமக்குப் புதியவனே இல்லை. இங்கே அந்த விலங்கும் அவனேதான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம், ‘நீ என் துணை, விதி’ என்று அவன் முடிவெடுத்துவிட்டு அவளைத் துரத்தும் காட்சியை வெட்டிவிடுங்கள். வாசனையில் அவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்கலாம், ஆனாலும் அவள் சரி சொல்லும்வரை காத்திருக்கட்டும். உருமாறும் காட்சி ஒரு பத்தி போதும். மறுநாள் காலை உறைபனியில் சட்டையில்லாமல் நிற்பவனுக்கு அவள் கம்பளியைத் தூக்கி எறிந்துவிட்டுத் திட்டும் காட்சிக்கு நாலு பக்கம் கொடுங்கள்.