பழைய பீங்கான் பொம்மை வாங்கி விற்பது எப்படி: காரைக்குடி பஸ் ஏறும் முன் படிக்க

என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் பீங்கான் கிருஷ்ணன் ஒருவர் நிற்கிறார். கழுத்தில் ஒட்டு. நான்கு வருடத்துக்கு முன் 3,200 ரூபாய் கொடுத்து வாங்கியது. விற்க முடியவில்லை. மூளியான சாமியைக் கொலுப்படியில் வைக்க அம்மாவும் விடவில்லை. அவரிடம் விட்ட காசை எடுக்கத்தான் இந்தத் தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். இப்போது மதுரையில் வேலை பார்த்துக்கொண்டே மாதம் இரண்டு மூன்று பொம்மை வாங்கி விற்கிறேன். செலவு போகக் கையில் கொஞ்சம் நிற்கிறது. அந்த வழியை இங்கே எழுதுகிறேன். இணையத்தில் கணக்குத் தொடங்குவது, படம் ஏற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை.

எங்கே கிடைக்கும்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் காரைக்குடி பஸ் ஏறினால் மேலூர், திருப்பத்தூர் வழியாக இரண்டு மணி நேரம் சொச்சம். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் செய்த நகரத்தார் குடும்பங்கள் வீடு கட்ட பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கொண்டுவந்தது ஊரறிந்த கதை. கூடவே ஜெர்மன், ஜப்பான் பீங்கானும் வந்தது. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் பல குடும்பங்களின் நிலை மாறியது. வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் என்று ஆன பிறகு, பங்கு பிரியும்போது சாமான்கள் கடைக்கு வர ஆரம்பித்தன.

நாம் தேட வேண்டியவை இரண்டு வகை. ஒன்று வெள்ளைக்காரப் பொம்மைகள்: ஆடு மேய்க்கும் பெண், நடனமாடும் ஜோடி, நாய்க்குட்டி. இன்னொன்று, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சந்தைக்காகவே ஜெர்மனியில் செய்த சாமி பொம்மைகள். ரவிவர்மா அச்சுப் படங்களைப் பார்த்து வார்த்த லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணன். முகம் மட்டும் கொஞ்சம் ஐரோப்பியச் சாயலில் இருக்கும். பார்த்தாலே ஆசை வரும். ஆசை வந்தால் பேரத்தில் தோற்றோம்.

கடை திறந்த கையோடு போவது நல்லது, போணி ஆகட்டும் என்று விலை இறங்குவார்கள். ஆனால் போணி நேரத்தில் விலையைக் கேட்டு, அவர் இறங்கியும் வந்த பிறகு வாங்காமல் போகக் கூடாது. அடுத்த முறை அந்தக் கடையில் உங்களுக்கு மரியாதை இருக்காது. மதுரையின் காயலான் கடைகளிலும் அவ்வப்போது அகப்படும். ஆனால் அங்கே பத்து முறை போனால் ஒரு முறைதான் கை நிறையும்.

முதலில், அது பீங்கான்தானா

கைபேசி டார்ச்சை மெல்லிய இடத்துக்குப் பின்னால் பிடியுங்கள். பீங்கான் என்றால் வெளிச்சம் மங்கலாக ஊடுருவி வரும். மண்பாண்டமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் வெளிச்சத்தை விடாது. கையில் எடுத்ததும் சில்லென்று இருக்க வேண்டும். அடியில் கிளேஸ் (சூளையில் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு) படாத விளிம்பு ஒன்று இருக்கும். அங்கே மண் நிறமோ சுண்ணாம்பு மாதிரிப் பொடியோ தெரிந்தால் வைத்துவிடுங்கள். நம்ம விளாச்சேரி மண் பொம்மைகளை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டுக் கொலுவில் பாதி அங்கே வாங்கியதுதான். ஆனால் பளபளவென்று வார்னிஷ் அடித்த மண் பொம்மையைப் பீங்கான் விலைக்கு ஒருவர் என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்.

(பிறகு சேர்த்தது: "டார்ச் அடித்தும் உடம்பு வழியே வெளிச்சம் வரவில்லை, ஆனால் பீங்கான் என்றுதான் தோன்றுகிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். உடம்பு தடிமனாகவோ இரண்டு சுவராகவோ இருந்தால் அப்படித்தான். கை, காது, பாவாடை ஓரம், பூ இதழ் போன்ற இடங்களில் பாருங்கள்.)

கவிழ்த்துப் பாருங்கள்

ஒருமுறை ஒரு கடையில் ஆடு மேய்க்கும் பெண்ணைக் காட்டி, "தம்பி, இருநூறு வருஷத்துச் சாமான், ஆச்சி கல்யாணச் சீர்ல வந்தது" என்றார் கடைக்காரர். கவிழ்த்தேன். அடியில் "வெஸ்ட் ஜெர்மனி" என்று இருந்தது. ஜெர்மனி இரண்டானதே 1949ல்தான். "அண்ணே, அப்ப ஆச்சிக்கு லேட்டா கல்யாணம் ஆயிருக்கு போல" என்றேன். சிரித்துக்கொண்டே பாதி விலைக்குக் கொடுத்தார்.

இந்தக் கணக்குகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு பொருளில் செய்த நாட்டின் பெயரைப் போடும் வழக்கம் பிரிட்டனின் 1887 சரக்குக் குறிச் சட்டத்துக்குப் பிறகுதான் பரவலானது, அமெரிக்கா 1891லிருந்து கேட்டது. ஆக "மேட் இன் ஜெர்மனி" இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. "நிப்பான்" என்றால் ஏறக்குறைய 1891 முதல் 1921 வரை, அதன்பின் "ஜப்பான்" ஆகிவிட்டது. "ஆக்குபைடு ஜப்பான்" என்றால் போருக்குப் பிந்தைய அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலம், 1952க்குள் முடிந்தது. வெறும் எண் மட்டும் பதிந்திருந்தால் அது பொம்மையை வார்த்த அச்சின் எண், வருடம் அல்ல. நானே 1874 என்ற எண்ணைப் பார்த்து ஒருமுறை குதித்திருக்கிறேன்.

நீல நிறத்தில் இரண்டு வாள் குறுக்காகப் போட்டிருந்தால் 1710ல் ஜெர்மனியில் தொடங்கிய மைசென் பீங்கான் ஆலை நினைவுக்கு வரும். அந்தக் குறியைத் திருடாத ஆலை ஐரோப்பாவில் குறைவு. புதிதாக வருபவர்கள் வாளைப் பார்த்துக் காசைக் கொட்ட வேண்டாம்.

வருடம் முக்கியம் என்பதற்கு விலையைத் தவிர இன்னொரு காரணம் உண்டு, அது சட்டம். 1972ல் இயற்றி 1976ல் அமலுக்கு வந்த தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, 100 வருடம் ஆன கலைப்பொருள் தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பக் கூடாது. என்னிடம் உரிமம் இல்லை. ஆகவே நான் 100 வயது ஆகாததை மட்டும் தொடுகிறேன். "வெஸ்ட் ஜெர்மனி", "ஆக்குபைடு ஜப்பான்" இரண்டும் இந்த வகையில் நிம்மதி. வெறும் "மேட் இன் ஜெர்மனி" என்றால் இரண்டு பக்கமும் சாயும், சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுகிறேன். அந்த ஜெர்மன் சாமி பொம்மைகளில் பல இதனாலேயே என் கைக்கு வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கேட்டால், வயது குறைவான பொருளுக்கும்கூட அது தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழைச் சுங்கத்தில் கேட்கலாம் என்பதால் நான் இந்தியாவுக்குள் மட்டுமே விற்கிறேன். கடையில் எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள். சாமி உருவம் என்றால் கட்டாயம் கேளுங்கள். சிலை கடத்தல் தடுப்புக்கு என்றே தனிப் போலீஸ் பிரிவு இருக்கிற ஊர் நம்முடையது.

ஒட்டு: நான் விழுந்த இடம்

வெள்ளைக்காரப் பெண் பொம்மைக்கு விரல் ஒட்டியிருந்தால் விலை குறையும், ஆனாலும் யாராவது வாங்குவார்கள். சாமி பொம்மை மூளி என்றால் நம் ஊரில் வாங்க ஆளே கிடையாது. அதனால் சாமி பொம்மையில்தான் ஒட்டை மறைக்க அதிகம் மெனக்கெடுகிறார்கள். என் கிருஷ்ணனும் அப்படித்தான் வந்தார். கழுத்தில் முத்துமாலை பெயின்ட் செய்திருந்தது, அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துச் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன். கால் மணி நேரத்தில் தண்ணீரில் தங்க நிறம் மிதந்தது. தூக்கினேன், உடம்பு மட்டும் வந்தது. தலை வாளிக்குள். முத்துமாலை வரைந்ததே ஒட்டின கோட்டை மறைக்கத்தான்.

இன்று நான் பார்க்கும் வரிசை இது. முதலில் நகம். கழுத்து, மணிக்கட்டு, விரல், புல்லாங்குழல், வீணையின் தலை, இந்த இடங்களைச் சுற்றி நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். சுட்ட கிளேஸ் கண்ணாடி மாதிரி வழுக்கும், மேலே அடித்த பெயின்ட்டில் நகம் லேசாகத் தயங்கும். சிலர் பல்லில் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள்: கிளேஸ் "டிக்" என்னும், பெயின்ட் மந்தமாக ஒலிக்கும். கடைத் தூசியோடு வாயில் வைக்க எனக்கு மனம் வராது.

அடுத்தது ஓட்டை. உள்ளே கூடான பொம்மைக்கு அடியிலோ முதுகிலோ ஒரு சிறு துளை இருக்கும், சூளையில் உள்காற்று வெளியேற விட்டது. அதன் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே எவ்வளவு பூசினாலும் உள்ளே வழிந்த பசையை யாரும் துடைப்பதில்லை. கிருஷ்ணனின் அடித்துளையில் பழுப்பாக ஒரு சொட்டு இன்றும் தெரிகிறது. அன்று பார்த்திருந்தால் 3,200 மிச்சம்.

மூன்றாவது புற ஊதா டார்ச். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்: 365 நானோமீட்டர் அலைநீளம் என்று போட்டதை வாங்குங்கள். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச், கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தையே அதிகம் கொட்டும், ஒட்டு அதில் அமுங்கிப்போகும். இருட்டு மூலையில் அடித்தால் பூசிய பெயின்ட்டும் பசையும் சுற்றியுள்ள பீங்கானிலிருந்து வேறு நிறத்தில், பெரும்பாலும் வெளுப்பாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். கண்ணில் நேராக அடித்துக்கொள்ளாதீர்கள். டார்ச்சில் எதுவும் தெரியவில்லை என்றால் ஒட்டே இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம், ஒளிராத பெயின்ட்டும் இப்போது வருகிறது.

கடைசியாக அசிட்டோன். காது குடையும் பஞ்சுக் குச்சியில் துளி தொட்டு, மறைவான இடத்தில் ஒற்றிப் பார்ப்பது. சுட்ட நிறம் அசையாது, பூசிய பெயின்ட் பஞ்சில் வரும். கடைக்காரரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அவர் "வேண்டாம்" என்றால் அதுவே ஒரு பதில்.

(பிறகு சேர்த்தது: அடியில் விரிசல் இருந்ததால் ஒரு நல்ல பொம்மையை விட்டுவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். எல்லா விரிசலும் சேதம் அல்ல. சூளையிலேயே விழுந்த வெடிப்பின் ஓரங்கள் கிளேஸ் உருகி மழுங்கியிருக்கும், உள்ளே அழுக்குக் கோடு இருக்காது. பின்னால் விழுந்த விரிசல் கூர்மையாக, பழுப்புக் கோடாகத் தெரியும். அப்படி விரிசல் விட்ட பொம்மையை விரல் மடக்கித் தட்டினால் ஓசை நீளாமல் "பொத்" என்று அடங்கிவிடும்.)

கழுவுவது

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, மேக்கப் பிரஷ். தொட்டியின் அடியில் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். தங்கக் கோடு இருக்கும் இடத்தில் தேய்க்கவே வேண்டாம். புளி, எலுமிச்சை, ப்ளீச் எதுவும் கிட்ட வரக் கூடாது. ஊறவைக்காதீர்கள்.

விலை

மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இபே தளத்தில் அதற்கென்றே வடிகட்டி இருக்கிறது. அங்கே தெரியும் டாலரை அப்படியே ரூபாய்க்கு மாற்றாதீர்கள், அந்த ஆட்கள் வேறு, நம்மிடம் வாங்குபவர்கள் வேறு. என் கடைசி விற்பனைக் கணக்கு: பொம்மை 2,400, பஸ்ஸும் சாப்பாடும் 200, பேக்கிங் 150, கூரியர் 350. மொத்தம் 3,100. விற்றது 5,000. லாபம் 1,900. இது நன்றாகப் போன ஒன்று. வாங்கும் விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்க முடியும் என்று தோன்றாவிட்டால் நான் தொடுவதில்லை, ஏனென்றால் எப்போதாவது ஒன்று உடையும், ஒன்று ஒரு வருடம் அலமாரியில் தூங்கும்.

சாமி பொம்மை என்றால் ஆடியில் வாங்கிவிடுங்கள், கடைகள் மந்தமாக இருக்கும். ஆவணியில் படம் போட்டால் நவராத்திரிக்கு முன் கொலுக்காரர்கள் தேடி வருவார்கள். நவராத்திரி முடிந்த மறுநாள் அதே பொம்மையைச் சீண்ட ஆள் இருக்காது. படத்தில் அடிப்பக்கமும் ஒட்டும் கட்டாயம் தெரியட்டும். மறைத்து விற்றால் திரும்பி வரும், இரண்டு கூரியர் செலவும் உங்கள் தலையில்.

கட்டி அனுப்புவது

பப்புள் ரேப் சுற்றுவதற்கு முன் கைக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் மெல்லிய டிஷ்யூவைத் திணியுங்கள். முதல் உடைப்பு எப்போதும் அங்கேதான். அப்புறம் சிறிய பெட்டி, அதைச் சுற்றி நாலு விரல்கடை நிரப்பி, பெரிய பெட்டி. கட்டுவதை வீடியோ எடுங்கள். பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், ஏதாவது சத்தம் கேட்டால் பிரித்து மறுபடியும் கட்டுங்கள்.

லேஸ் பாவாடைப் பொம்மைகளை நான் அனுப்புவதே இல்லை. நிஜ லேஸ் துணியைப் பீங்கான் கூழில் தோய்த்துச் சூளையில் வைப்பார்கள்; துணி எரிந்துபோய் நூலின் வடிவில் பீங்கான் மட்டும் நிற்கும். பார்க்கக் கொள்ளை அழகு, ஊதினால் உடையும். மதுரைக்குள் நேரில் வந்து வாங்கிப் போகிறவருக்கு மட்டும் தருவேன்.

(கடைசியாகச் சேர்த்தது: கூரியரில் உடைந்து இழப்பீடு கிடைக்காத கதைகள் மூன்று பேரிடமிருந்து வந்திருக்கின்றன. கண்ணாடி, பீங்கான் பொருட்களுக்குக் காப்பீடு உண்டா என்று பெட்டியை ஒப்படைக்கும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "உண்டு சார், பார்த்துக்கலாம்" என்று வாயால் சொல்வதை நம்பி நானும் ஒரு நாய்க்குட்டியை இழந்திருக்கிறேன். கிருஷ்ணனை விலைக்குக் கேட்டவருக்கு: ஒட்டு இருக்கிறது என்று தெரிந்தே கேட்கிறீர்கள் என்றால் 500 ரூபாய், நேரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.)