கொழும்பு வேலைநாளில் ஆறுதலுக்கு நேரம் எடுப்பது எப்படி

முதலில் ஒரு கிழமைக்குக் கணக்கு எழுதுங்கள். கொப்பியில் நாளுக்கு நாலு நேரம் போதும்: வீட்டை விட்டு வெளிக்கிட்டது, வேலை தொடங்கியது, வேலை முடிந்தது, வீடு வந்து சேர்ந்தது. இரவில் போனில் பார்த்த ஒபிஸ் அலுவலையும் சேருங்கள். பலர் எட்டு மணிநேரத்தை மட்டும்தான் வேலை என்று எண்ணுகிறார்கள். வத்தளையில் காலை 6.30க்கு வெளிக்கிட்டு மாலை 6.30க்குத் திரும்புகிறவருக்கு 12 மணிநேரம் அங்கேயே போய்விடுகிறது. நித்திரைக்கு ஏழரை மணிநேரம். குளிப்பு, சமையல், பிள்ளைகளின் பாடம் என்று இன்னும் மூன்று. மிஞ்சுவது ஒன்றரை மணிநேரம். அதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

அடுத்தது சட்டம். தனியார் கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். சாப்பாட்டு நேரம் தவிர நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. ஓவர்டைம் கிழமைக்கு 12 மணிநேரத்துக்கு மேல் போகக் கூடாது. கிழமையில் ஒன்றரை நாள் ஓய்வு உண்டு. முதல் வருஷம் கழிந்த பிறகு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் தற்செயல் லீவு. புறக்கோட்டைக் கடையில் நிற்கிறவருக்கும் இதே கணக்குத்தான். மீறினால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

லீவு இருந்தும் வீணாவது டிசம்பரில்தான். எல்லோரும் ஒரேயடியாகக் கேட்பார்கள், மேலாளர் கையை விரிப்பார். ஜனவரியிலேயே கலண்டரை எடுத்து, ஏழு நாள் தொடர்ச்சியாக ஒரு லீவைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். போயா (பூரணை விடுமுறை) வியாழனில் வருகிற மாதத்தில், சனி வேலை இல்லாதவர் வெள்ளி ஒரு நாள் போட்டால் நாலு நாள் கிடைக்கும். அந்த நாலு நாளை என்ன செய்கிறோம் என்பதில்தான் பிழை விடுகிறோம். புதன் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம், வியாழன் கலியாண வீடு, வெள்ளி கோயில், சனி சொந்தக்காரர் வீடுகள், ஞாயிறு இரவு பஸ், திங்கள் விடிய வெள்ளவத்தையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு வேலைக்கு. இதற்குப் பெயர் லீவு, ஆறுதல் இல்லை. சனி இரவே பஸ் ஏறி, ஞாயிறு முழுவதும் வீட்டில் படுங்கள். மாமி கோபிக்கத்தான் செய்வார். அடுத்த முறைக்குள் ஆறிவிடும்.

பயணத்தில் வெட்டக் கூடியது கொஞ்சம்தான், ஆனால் தினமும் கிடைக்கும். இரண்டு நாள் அரை மணி முந்தி, இரண்டு நாள் அரை மணி பிந்தி வெளிக்கிட்டு எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று பாருங்கள். தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தவர் காலி வீதி பஸ்ஸோடு கோட்டைக்குப் போகும் கரையோர ரயிலையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் தெரிந்த பிறகு மேலாளரிடம் நேரமாற்றம் கேட்பது சுலபம்.

வேலைக்குள்: ஐம்பது நிமிஷத்துக்கு ஒருமுறை எழும்பி ஐந்து நிமிஷம் நடவுங்கள். நின்று வேலை செய்கிறவர் எதிர்மாறு: பதினைந்து நிமிஷம் காலை உயர்த்தி வைத்து இருக்க வேண்டும். மத்தியானம் மேசையை விட்டு விலகிச் சாப்பிடுங்கள். சோற்றுப் பார்சல் முழுவதையும் ஒருவர் முடித்தால் இரண்டு மணிக்குக் கண் சொருகும். அதை விரட்டப் பிளேன்டீ, அந்தப் பிளேன்டீயால் இரவு நித்திரை கெடும். தேயிலையிலுள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணிநேரம் எடுக்கும். ஆகவே பார்சலை இருவர் பகிருங்கள், கடைசித் தேத்தண்ணியை மூன்று மணிக்குள் முடியுங்கள்.

லண்டன் நேரத்துக்கு வேலை செய்கிறவர்களின் பாடு வேறு. அங்கே காலை 9 முதல் மாலை 5 வரை என்றால், இங்கே குளிர்காலத்தில் பிற்பகல் 2.30 முதல் இரவு 10.30, கோடையில் ஒரு மணி முந்தும். மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவதால், உங்கள் சாப்பாடு, படுக்கை எல்லாம் அன்றிலிருந்து இடம்மாறும். குளிர்காலத்தில் இரவு ஒரு மணிக்குப் படுத்தால் காலை 8.30 வரை நித்திரை வேண்டும். இங்கே வருஷம் முழுக்க ஆறு மணியளவில் விடிந்துவிடும், தடித்த திரைச்சீலை இல்லாமல் சரிவராது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஐந்தரைக்கே எழும்ப வேண்டியவர், அனுப்பிவிட்டு வந்து ஒன்றரை மணிநேரமாவது திரும்பப் படுக்க வேண்டும். அதை மதியத்துக்குத் தள்ளினால் வேலைக்குப் போகும்போது தலை கனக்கும்.

பகல் வேலைக்காரருக்கு மிச்ச நேரத்தைத் தின்பது வட்ஸ்அப் குரூப். சொல்லாமல் சத்தத்தை நிறுத்தினால் சண்டை வரும். முதலில் ஒரு செய்தி: “சேர், இரவு 8க்குப் பிறகு வட்ஸ்அப் பார்க்க மாட்டேன். அவசரமென்றால் கோல் எடுங்கோ.” பிறகு குரூப்பின் அறிவிப்பை அணையுங்கள். ஒரு விஷயம்: கோல் வந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும். ஒருமுறை எடுக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மீட்ட நேரத்தைப் போனோடு கட்டிலில் கிடந்து கழித்தால் களைப்பு அப்படியே இருக்கும். பொழுதுபட்ட பிறகு மரைன் டிரைவ் பக்கமோ காலிமுகத்திடலிலோ அரை மணி நடங்கள். உடுப்புத் தோய்ப்பதைக் கிழமை நடுவில் ஒரு இரவுக்கு மாற்றினால் ஞாயிறு காலை சும்மா இருக்கும்.

இவ்வளவும் செய்தும் இரண்டு மூன்று கிழமையாக நித்திரை வராமல், சாப்பாடு பிடிக்காமல், விடிந்தாலே வேலையை நினைத்து நெஞ்சு படபடத்தால் வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926, தமிழிலும் கதைக்கலாம்.