எம்எம்ஏ (பல சண்டைக் கலைகள் கலந்த போட்டி) ஃபைட்டர் ஆகணுமா, இப்படி ஆரம்பிங்க

எடுத்த எடுப்புலயே ப்ரோ ஃபைட்டுக்கு தலையாட்டிடாதீங்க. ப்ரோ ரெக்கார்டுல விழுற தோல்வி அப்படியே ஒட்டிக்கும், அதனால அமெச்சூர்ல நாலஞ்சு ஃபைட்டாவது போட்டு பழகிட்டு வாங்க. ரஷ்ய எம்எம்ஏ சாம்பியன் கபீப் 29-0ன்னு (29 வெற்றி, தோல்வியே இல்ல) முடிச்சாருன்னா அதுக்குப் பின்னாடி சின்ன வயசுலேர்ந்து பண்ணின மல்யுத்தம் இருக்கு. ரெஸ்லிங்கோ பாக்ஸிங்கோ, தரையில பிடி போடுற ஜியு-ஜிட்சுவோ, ஏதாச்சும் ஒண்ணு ஆழமா தெரிஞ்சிருக்கணும், மத்தத மேல சேத்துக்கலாம்.

ஜிம்ல முதல்ல கத்துக்க வேண்டியது தட்டுறதுதான், அதாவது பிடியில மாட்டினா கையால தட்டி தோல்விய ஒத்துக்கிறது. கழுத்த நெரிக்கிற சோக் பிடி இறுகி, காதுல இரைச்சல் கேட்டு, கண் ஓரத்துல இருட்டு கட்டுற வரைக்கும் வீம்பா இருக்காதீங்க, அதுக்கு முன்னாடியே தட்டிடுங்க. குதிகாலப் பிடிச்சு முட்டிய முறுக்குற ஹீல் ஹூக் இன்னும் மோசம், வலி தெரியறதுக்குள்ள முட்டி லிகமென்ட் கிழிஞ்சிடும், அப்புறம் மாசக்கணக்குல வீட்லதான்.

அடுத்து வெயிட். லைட்வெயிட்ங்கிற எடைப் பிரிவுன்னா 155 பவுண்டு வரைக்கும்தான், பெரும்பாலும் ஃபைட்டுக்கு முந்தின நாளே தராசுல ஏறணும். அதுக்காக கடைசி ரெண்டு நாள்ல தண்ணி குடிக்காம, சானாங்கிற சூடான அறையில உக்காந்து உடம்ப வத்த வைக்கிறாங்களே, அதுல உயிரே போயிருக்குங்க! வாரக்கணக்குல சாப்பாட்ட வச்சு மெதுவா குறைங்க, முடியலன்னா மேல் எடைப் பிரிவுலயே ஆடுங்க.

காண்ட்ராக்ட்ல ஷோ மணி (ஃபைட் போட்டாலே வர்ற பணம்) எவ்ளோ, வின் போனஸ் (ஜெயிச்சா மட்டும் வர்றது) எவ்ளோன்னு தனித்தனியா பாருங்க, ஏன்னா தோத்தா முதல்ல சொன்னது மட்டும்தான் கைக்கு வரும், அதுலேர்ந்துதான் கோச்சுக்கும் மேனேஜருக்கும் குடுக்கணும். நாக்அவுட் ஆயிட்டீங்கன்னா டாக்டர் ஓகே சொல்ற வரைக்கும் ஸ்பாரிங் (பயிற்சி சண்டை) பக்கமே போகாதீங்க.