விலகினார், விலக்கினார், விலக்கப்பட்டார்: குழப்பமில்லாமல் எழுத ஒரு வழி

புதிதாகத் தமிழில் எழுத வருபவர்களின் பிரதிகளைத் திருத்தும்போது நான் அதிகம் கைவைக்கும் வினைகளில் ஒன்று ‘விலகு’. ‘பதவியை விலகினார்’, ‘குழுவிலிருந்து விலகப்பட்டார்’, ‘வேட்புமனுவை விலக்கினார்’ என்றெல்லாம் வருகிறது. மூன்றும் பிழை. திருத்திக் கொடுத்தால் மட்டும் போதவில்லை, அடுத்த கட்டுரையில் அதே பிழை திரும்பி வருகிறது. அதனால் நான் பார்க்கும் வரிசையை அப்படியே எழுதிவிடுகிறேன். எழுவாய், பயனிலை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில்: தானாக நடந்ததா, யாராவது செய்தார்களா?

‘காற்றில் திரை விலகியது.’ ‘பாட்டி திரையை விலக்கினார்.’ முதல் வாக்கியத்தில் திரை தானே நகர்ந்தது. இரண்டாவதில் ஒரு கை பட்டது. கை பட்டால் ‘க்’ வரும். நீங்கு–நீக்கு, அடங்கு–அடக்கு, உருகு–உருக்கு, பெருகு–பெருக்கு எல்லாம் இதே குடும்பம்தான்.

‘விலகப்பட்டார்’ ஏன் பிழை என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். தானே நடக்கும் வினையோடு ‘படு’ சேராது. ‘விலக்கப்பட்டார்’ அல்லது ‘நீக்கப்பட்டார்’ என்றே எழுத வேண்டும். செய்தியில் இந்த ஒரு எழுத்தை மாற்றினால் வரலாறே மாறிவிடும். பெரியார் 1925இல் காங்கிரசிலிருந்து விலகினார். எம்.ஜி.ஆர். 1972இல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். முதலாவது அவரே எடுத்த முடிவு, இரண்டாவது கட்சி எடுத்த முடிவு. எழுதுவதற்கு முன் ‘முடிவெடுத்தது யார்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது: எதிலிருந்து?

நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ‘விலகு’ தனக்கு முன் ‘ஐ’ உருபை (‘பதவியை’ என்பதன் கடைசியில் ஒட்டி வருவது) நேரடியாக ஏற்காது. ‘பதவியை விலகினார்’ இல்லை, ‘பதவியிலிருந்து விலகினார்’. ‘பதவியை விட்டு விலகினார்’ என்றால் சரி, ஏனென்றால் அந்த ‘ஐ’ ‘விட்டு’ என்ற சொல்லுக்கு உரியது. ‘பதவி விலகினார்’ என்று உருபே இல்லாமலும் எழுதலாம். அது இன்று ஒரே சொல்போல நிலைத்துவிட்டது.

ஆனால் ‘பதவி’க்கு முன் அடைமொழி வந்தால் கவனம் தேவை. ‘தலைவர் பதவி விலகினார்’ என்று எழுதினால், விலகியவரே தலைவர் என்றுதான் வாசகர் படிப்பார். ‘தலைவர் பதவியிலிருந்து விலகினார்’ என்றாலும் குழப்பம் முழுதாகத் தீராது. தலைவர் ஏதோ ஒரு பதவியிலிருந்து விலகினாரா, அல்லது ஒருவர் தலைவர் பதவியை விட்டாரா? நான் இதை எப்போதும் ‘தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்’ என்று மாற்றிவிடுவேன்.

இன்னொன்று, சேர்த்து எழுதுவது. ‘கட்சியிலிருந்து’ என்று சேர்த்தே எழுதுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியார் காங்கிரசில் சேர்ந்தது 1919இல். ‘ஆறு ஆண்டுகள் காங்கிரசில் இருந்து விலகினார்’ என்றால், ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தார், பிறகு விலகினார் என்று பொருள். இங்கே ‘இருந்து’ ஒரு வினை. ‘1925இல் காங்கிரசிலிருந்து விலகினார்’ என்பதில் அது வெறும் உருபு. பிரித்து எழுதினால் வினை, சேர்த்து எழுதினால் உருபு என்று பழகிக்கொண்டால் படிப்பவர் எங்கும் தடுமாற மாட்டார். பத்திரிகைகளில் பிரித்தே எழுதுகிறார்கள் என்பது தெரியும். இருந்தாலும் தொடங்கும்போதே சேர்த்து எழுதும் பழக்கம் வருவது நல்லது.

ஆட்களைப் பற்றி எழுதும்போது ‘நண்பனிலிருந்து விலகினான்’ வராது. ‘நண்பனிடமிருந்து விலகினான்’ இலக்கணப்படி சரி. ‘நண்பனை விட்டு விலகினான்’ என்பது காதுக்கு இன்னும் இயல்பாக இருக்கும். நான் பெரும்பாலும் இதைத்தான் எழுதுவேன்.

அப்புறம் ‘பிரி’. இது ஒரே வேர்ச்சொல்லாக இருந்து இரண்டு வேலை செய்யும். பிரிந்தது, பிரிகிறது, பிரியும் – தானாக. பிரித்தது, பிரிக்கிறது, பிரிக்கும் – யாரோ செய்வது. ஆனால் ‘ஊரைப் பிரிந்தான்’, ‘மனைவியைப் பிரிந்தான்’ என்று தானாக நடக்கும் வடிவமும் ‘ஐ’யை ஏற்கும். ‘இராமன் அயோத்தியை நீங்கினான்’ என்பதும் அப்படியே. எனவே ‘ஐ’ வந்தாலே யாரோ செய்த வினை என்று முடிவுகட்ட முடியாது. ‘நீங்கு’ பழைய தமிழில் ‘இன்’ உருபோடும் வரும். ‘யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் / அதனின் அதனின் இலன்’ என்ற குறளில் ‘யாதனின்’ என்றால் ‘எதிலிருந்து’; அந்த ‘இன்’னைக் கவனித்துப் பாருங்கள். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல் பொருள் என்று இலக்கணம் சொல்வது இதைத்தான்.

சந்தேகம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற அகராதியைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘பிரி-தல்’, ‘பிரி-த்தல்’ என்று இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே கொடுத்திருப்பார்கள். தானியங்கி மொழிபெயர்ப்பை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். எந்த உருபு என்பது அதற்கு அடிக்கடி தவறிப்போகிறது.

ஒரே நிகழ்வுக்கு எந்த வினையைப் போடுவது என்பதும் சிறிய விஷயமில்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் ‘பிரிந்தது’ என்று எழுதலாம். ‘வெளியேற்றப்பட்டது’ என்றும் எழுதலாம். ‘விலகியது’ என்று எழுதினால், சிங்கப்பூரே விரும்பிப் போனதாகத் தொனிக்கும். அங்கே அது பொருந்தாது. 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் ‘விலகியது’ என்பது அப்படியே பொருந்தும்.

‘விலக்கு’ பெயர்ச்சொல்லாகவும் வரும். மதுவிலக்கு, வரிவிலக்கு தெரிந்தவைதான். தென் மாவட்டங்களில் பெரிய சாலையிலிருந்து ஊருக்குக் கிளைச்சாலை பிரியும் இடத்துக்கும் விலக்கு என்றே பெயர். தேனி பக்கம் க.விலக்கு என்று பேருந்தில் ஏறிக் கேட்டாலே டிக்கெட் கொடுப்பார்கள். கண்டமனூர் விலக்குதான் அது.

பின்சேர்க்கை: முதலில் சொன்ன ‘வேட்புமனுவை விலக்கினார்’ ஏன் பிழை என்று சிலர் கேட்டிருந்தார்கள். கொடுத்த ஒன்றைத் திரும்ப வாங்குவது விலக்குவதாகாது. வேட்புமனு, வழக்கு, புகார் என்றால் ‘திரும்பப் பெற்றார்’. பேச்சில் ‘வாபஸ் வாங்கினார்’. வங்கியில் பணம் ‘எடுத்தார்’. போர்க்களத்தில் படை ‘பின்வாங்கியது’, அரசு படையை ‘விலக்கிக்கொண்டது’. ஒரு வழக்கை விசாரிக்க விரும்பாத நீதிபதி அதிலிருந்து ‘விலகிக்கொண்டார்’. இந்தக் கடைசிச் சொல்லில் ‘கொள்’ இருப்பதால், அவரே முடிவெடுத்து ஒதுங்கினார் என்பது தனியாகச் சொல்லாமலே விளங்கிவிடும்.