மூங்கில் பிளாச்சில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்: முதல் தடவை கட்டுபவர்களுக்கு

டிசம்பர் பிறந்ததும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறிவிடும். இப்போது பெரும்பாலும் கடையில் வாங்கும் மடக்கு நட்சத்திரம்தான். அட்டையில் செய்து, பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்டிருப்பார்கள். விரித்து மாட்ட இரண்டு நிமிஷம் போதும். ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது பெரியப்பா வீட்டு முற்றத்தில் மூங்கில் சீவி, பசை காய்ச்சி, பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்து கட்டிய நட்சத்திரத்துக்கு ஈடாக இன்றுவரை ஒன்றை நான் பார்த்ததில்லை. உள்ளே விளக்கு எரிந்தால் ஐந்து முனையும் திரண்டு, ஒரு பெரிய பழம் போலத் தொங்கும்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு வீட்டை அலங்கரிக்க நினைப்பவர்கள் இந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். வாசலில் நல்ல நட்சத்திரம் ஒன்று, கூடத்தில் ஒரு குடில், இரண்டும் இருந்தால் மற்ற அலங்காரம் குறைவாக இருந்தாலும் குறையே தெரியாது. மத்தேயு நற்செய்தியில் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு வழிகாட்டிய நட்சத்திரம் இதுதான். அவர்களைப் பழைய தமிழ் பைபிள் 'சாஸ்திரிகள்' என்கிறது, கத்தோலிக்க மொழிபெயர்ப்பு 'ஞானிகள்' என்கிறது, எங்கள் வீட்டுப் பாட்டிகள் 'மூன்று ராசாக்கள்' என்பார்கள்.

இரண்டு மாலை வேலை. முதல் நாள் சட்டம் கட்டி, மறுநாள் தாள் ஒட்டலாம். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், முடிச்சில் தடவும் பசை காய ஓர் இரவு வேண்டும்.

என்னென்ன வேண்டும்

62 செ.மீ. நீளத்தில் மூங்கில் பிளாச்சு 10, 14 செ.மீ. நீளத்தில் 5. அகலம் 6 அல்லது 7 மி.மீ., கனம் 3 மி.மீ. இருந்தால் போதும். கூடை முடைபவர்களிடம் கேட்டால் சீவியே தருவார்கள். நீங்களே சீவினால் உப்புத்தாள் போட்டு ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள், சிராய் விரலில் ஏறினால் அன்றைய வேலை அதோடு போச்சு. கட்டுவதற்குப் பருத்தி நூல், காத்தாடி செய்யும் மெல்லிய வண்ணத்தாள் மூன்று பெரிய தாள், மைதா, கொஞ்சம் அட்டை, சாக்பீஸ். விளக்குக்கு 5 வாட் எல்.இ.டி. பல்பு, ஹோல்டரும் பிளக்கும் மாட்டிய வயர்.

பிளாச்சு எடுக்கும்போது கணுவைக் கவனியுங்கள். நான் முதன்முதலில் தனியாகக் கட்டிய நட்சத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. காரணம் புரிய வெகுநேரம் ஆனது. இரண்டு குச்சிகளில் கணு நடுவில் இருந்ததால் அவை மட்டும் வளையவில்லை, மற்றவை வளைந்துவிட்டன. கணுவே இல்லாத குச்சி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பத்துக் குச்சிக்கும் கணு ஏறக்குறைய ஒரே இடத்தில் வரும்படி பார்த்து எடுங்கள். கட்டுவதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் முறியாமல் வளையும்.

முதல் நாள்: சட்டம்

இந்த வேலையின் உயிரே சட்டம்தான். தாள் கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் இரவில் தெரியாது. சட்டம் கோணினால் தெருமுனையிலிருந்தே தெரியும். அதனால் இங்கே நிதானமாகப் போகலாம்.

முதலில் குச்சிகளில் குறி போடுங்கள். ஒவ்வொரு நீளக் குச்சியிலும் இரண்டு முனையிலிருந்தும் 1 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு கோடு, முனைக்கட்டு அங்கே வரும். அந்தக் கோட்டிலிருந்து 23 செ.மீ. தள்ளி இன்னொரு கோடு, குச்சிகள் ஒன்றையொன்று வெட்டுவது அங்கே. இரண்டு பக்கமும் போட்டால் நடுவில் 14 செ.மீ. மிஞ்சும். ஐந்து முனை நட்சத்திரத்தில் கோடுகள் எப்போதும் இந்த விகிதத்தில்தான் வெட்டிக்கொள்ளும். வேறு அளவில் செய்ய ஆசைப்பட்டால் முனைக்கட்டுக்கும் முனைக்கட்டுக்கும் இடையே உள்ள நீளத்தை 0.38 ஆல் பெருக்குங்கள், வெட்டும் இடம் கிடைத்துவிடும்.

அடுத்து தரையில் ஓர் அச்சு. நூலின் ஒரு முனையில் சாக்பீஸைக் கட்டி 31½ செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். வட்டத்தின் மேல் எங்காவது ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து நேராக 37 செ.மீ. அளந்து அடுத்த புள்ளி, அப்படியே சுற்றிவந்தால் ஐந்தாவது அளவு தொடங்கிய புள்ளியில் வந்து முட்டும். அரை செ.மீ. முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. புள்ளிகளுக்கு வரிசையாக 1 முதல் 5 வரை எண் போட்டுவிடுங்கள்.

இப்போது குச்சிகளை அடுக்கலாம். முதல் குச்சி 1-லிருந்து 3-க்கு. இரண்டாவது 3-லிருந்து 5-க்கு. மூன்றாவது 5-லிருந்து 2-க்கு, இது முதல் குச்சிக்கு மேலே போகட்டும். நான்காவது 2-லிருந்து 4-க்கு, முதல் குச்சிக்கு அடியில் நுழைந்து இரண்டாவதுக்கு மேலே வர வேண்டும். ஐந்தாவது 4-லிருந்து 1-க்கு, இரண்டாவதுக்கு அடியில் நுழைந்து மூன்றாவதுக்கு மேலே. பாய் பின்னுவது போலத்தான், ஒவ்வொரு குச்சியும் ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே. இப்படிப் பின்னிவிட்டால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், சட்டம் நூல் கட்டுவதற்கு முன்பே கையில் எடுத்தால் ஓரளவு நிற்கும். பின்னாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டிவிட்டு, ஆடுகிறதே என்று பின்னால் வருந்துபவர்கள் நிறையப் பேர்.

ஐந்து முனைகளையும் கட்டுங்கள். பிறகு உள்ளே வெட்டும் ஐந்து இடங்களையும் குறிக்கு நேராக நிறுத்தி, பெருக்கல் குறி போல இரண்டு பக்கமும் நூலைச் சுற்றி இறுக்குங்கள். அதே அச்சின் மேல் இன்னொரு சட்டம். இரண்டையும் ஒரே அச்சில் செய்தால்தான் பொருந்தும்.

இரண்டு சட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். உள்வெட்டுகளைச் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. இனிமேல்தான் தட்டையான சட்டம் நட்சத்திரமாக மாறப்போகிறது. சின்னக் குச்சிகளின் இரண்டு முனையிலும் கத்தியால் சிறு பள்ளம் செதுக்கி, மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே உள்வெட்டு இருக்கும் இடத்தில் ஒன்றை நிமிர்த்தி நிறுத்துங்கள். நடுப்பாகம் வீங்கிக்கொண்டு வரும். அடுத்த குச்சியைப் பக்கத்தில் வைக்காமல் ஒன்று விட்டு ஒன்றாக வையுங்கள், அப்போதுதான் இழுப்பு எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும். முதல் குச்சி நழுவி நழுவி விழும். ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் நூல் சுற்றினால் எளிது, இந்த இடத்துக்கு மட்டும் கண்டிப்பாக ஒரு துணை வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்வோம், அந்தக் குச்சி நிற்கும் நொடியில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஐந்தும் நின்றதும் எல்லா முடிச்சுக்கும் பசை தடவிக் காயவிடுங்கள்.

பசை

மூன்று மேசைக்கரண்டி மைதாவைக் கால் தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒரு தம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போல வந்ததும் இறக்கிவிடலாம். அந்தக் காலத்தில் பூச்சியும் எலியும் அண்டாமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைவைக்கும் வேலையில் வேண்டாம். பெவிகால் இதற்குத் தேவையில்லை, அடுத்த வருஷம் தாளை உரிக்கும்போது மூங்கிலையும் சேர்த்து உரிக்கும்.

மறுநாள்: தாள்

நாம் எடுத்த அளவில் ஒரு வசதி இருக்கிறது. முன்பக்கம் 5 முக்கோணம், பின்பக்கம் 5, இரண்டு சட்டத்துக்கும் நடுவே பக்கவாட்டில் 10. இந்த இருபதும் ஒரே அளவு: அடி 14 செ.மீ., பக்கங்கள் 23 செ.மீ. சின்னக் குச்சிக்கு 14 செ.மீ. சொன்னது அதற்காகத்தான். அட்டையில் ஒரே ஒரு முக்கோணம் வெட்டிக்கொண்டால் போதும். தாளில் வைத்து வரைந்து, துணிக்குத் தையல் விடுவது போல மூன்று பக்கமும் ஒன்றரை செ.மீ. கூட விட்டு வெட்டுங்கள். நடுவில் வரும் ஐங்கோணம் இரண்டுக்கும் தாளைச் சட்டத்தின் மேலேயே விரித்துக் கோடு போட்டுக்கொள்ளலாம்.

முதலில் பக்கவாட்டு முக்கோணங்கள், அப்புறம் முன்னும் பின்னும், கடைசியில் ஐங்கோணம். பசையைக் குச்சியில் தடவி, தாளை வைத்து, விட்டிருக்கும் ஓரத்தைக் குச்சியைச் சுற்றி மடித்துவிடுங்கள். பின்பக்க ஐங்கோணத்தில் ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டாமல் விடுங்கள், பல்பு மாட்டும் வாசல் அது. தாள் தொய்வாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் பனி போல லேசாகத் தண்ணீர் தெளித்து மறுபடி காயவிட்டால், மெல்லிய தாள் சுருங்கி இறுகும். சில தாள்களில் சாயம் ஓடும், முதலில் ஒரு துண்டில் தெளித்துப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றி என் கருத்து ஒன்று. முன்பக்கத்துக்குச் சிவப்போ ஆரஞ்சோ எதுவானாலும் சரி, பக்கவாட்டுக்கு வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் போடுங்கள். வெளிச்சம் அங்கேதான் கசிந்து முனைகளின் திரட்சியைக் காட்டும். கருநீலம் பகலில் அழகு, இரவில் விளக்கையே விழுங்கிவிடும். ஐங்கோணத்தின் உட்புறத்தில் கறுப்புத் தாளில் வெட்டிய ஒட்டகமோ குடிலோ ஒட்டினால் நிழலாகத் தெரியும். இதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

விளக்கும் தொங்கவிடுவதும்

பல்பு நட்சத்திரத்தின் நடுவில், தாளைத் தொடாமல் நிற்க வேண்டும். ஹோல்டரைச் சின்னக் குச்சிகளுக்கு இடையே நூல் கட்டி நிறுத்தலாம். குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், அதன் சூட்டில் தாள் கருகும். நட்சத்திரத்தின் பாரம் வயரில் விழக் கூடாது, மேல்முனையில் நைலான் கயிறு கட்டி அதில் தொங்கவிட்டு, வயரைத் தனியாகத் தளர்த்தி விடுங்கள். கீழ்முனை இரண்டிலும் மிச்சத் தாளைக் கீறிக் குஞ்சம் கட்டினால் காற்றுக்கு ஆடும்.

நம் ஊரில் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக விட்டிருக்காது. மழை இல்லாத இரவிலும் பனி இறங்கும், மைதாப் பசை ஈரத்தில் விட்டுப்போகும். மொட்டை மாடி ஆசையை விட்டுவிட்டு, போர்டிகோவிலோ சன்ஷேடுக்கு அடியிலோ மாட்டுங்கள். வெட்டவெளியில்தான் மாட்ட வேண்டும் என்றால் மேலே நோக்கும் முக்கோணங்களுக்கு மட்டும் கண்ணாடித்தாள் ஒட்டலாம்.

உள்ளே குடில்

இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் 1223-ஆம் ஆண்டு அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துக் குடில் அமைத்தார். வீட்டுக் குடிலுக்குப் பழுப்புத் தாளைக் கசக்கி, மீந்த பசையில் கரித்தூள் கலந்து பூசினால் குகைப் பாறை ஆகிவிடும். தரைக்கு வைக்கோல். புல்வெளிக்கு டிசம்பர் 14 அல்லது 15-இல் தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, தினம் தண்ணீர் தெளியுங்கள். 24-ஆம் தேதிக்குள் பச்சைப் பசேல் என்று எழுந்து நிற்கும். மற்ற சுரூபங்களை முன்பே வைத்தாலும் தீவனத் தொட்டியைக் காலியாக விட்டு, குழந்தை இயேசுவை 24 நள்ளிரவில்தான் வைப்போம். விருந்துக்கு வருபவர்களில் வயதில் சிறியவர் கையால் வைக்கச் சொன்னால் அந்த வீடே ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும்.

விருந்து மேசைக்கும் இதே நட்சத்திரம்தான், ஆனால் ஈர்க்குச்சியில். 20 செ.மீ. ஈர்க்குச்சி ஐந்தை எடுத்து அதே மேல்கீழ்ப் பின்னலில் ஒரு சட்டம் மட்டும் கட்டினால் போதும், தாள்கூட வேண்டாம். பத்துப் பதினைந்து செய்து நூலில் கோத்துத் தோரணமாக விடலாம். பெரிய நட்சத்திரத்துக்கு முன் கை பழக இதை ஒன்றிரண்டு செய்து பார்ப்பதும் நல்லது.

ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்ததும் இறக்கிவிடுங்கள். பல்பைக் கழற்றி, ஈரத்துணியால் ஒற்றித் தாளை உரித்து, சட்டத்தை மட்டும் பரணில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். தரையில் சாய்த்து வைத்தால் கோணிவிடும். எங்கள் வீட்டுச் சட்டத்துக்கு இது ஏழாவது வருஷம், இரண்டு முடிச்சு மட்டும் மாற்றியிருக்கிறோம்.