பார்க்கிங்ல நம்மளுக்கு கூடுதல் நேரம் கேட்டு வாங்குறது எப்படி

ஸ்டாண்டுல அரை மணி நேரந்தான், அதுக்கு மேல போனா இன்னொரு டோக்கன் காசுன்னு சொல்லுத இடத்துல நம்ம கணக்கே வேற. நான் பக்கச் சக்கரம் மாட்டுன ஸ்கூட்டர்ல போற ஆளு, வலது கால்ல காலிப்பர், கால தாங்கிப் பிடிக்குத கம்பி. வண்டிய நிறுத்தி, பக்கத்துல கட்டியிருக்க ஊன்றுகட்டைய அவுத்து, காலிப்பர் லாக்க போட்டு எந்திரிச்சு, பைய நடந்து வாசலுக்குப் போகவே பத்து நிமிசம் ஆயிரும், திரும்பி வர இன்னொரு பத்து, மிச்ச நேரத்துல என்னத்த மருந்து வாங்க.

மொதல்ல யு.டி.ஐ.டி. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு குடுக்குற அடையாள அட்டை. ஊனம் 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருக்கவங்க வாங்கி, ஒரு காப்பிய வண்டியிலயே வைங்க. வீல்சேர் படம் போட்ட ஸ்டிக்கர முன்னாலயும் பின்னாலயும் ஒட்டுங்க. பக்கச் சக்கரம் மாட்டுனத ஆர்.சி.யில ஏத்தாம விட்டுராதீங்க.

அடுத்து, நேரத்த வண்டிய விட்டு எறங்குததுக்கு முன்னாலயே கேட்டுருங்க, திரும்பி வந்து கேட்டா சண்டைதான். "அண்ணாச்சி, எனக்கு எறங்கி ஏறவே நேரம் ஆவும், ஒரு மணி நேரம் பாத்துக்கோங்க"ன்னு கார்ட காட்டி சொல்லுங்க, முக்காவாசிப் பேரு சரின்னுருவாங்க. டோக்கன்ல மணி சரியா போட்டிருக்கான்னு பாத்து, கட்டண போர்டயும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

முடியாதுன்னா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இத்தனை நிமிசம்னு எழுதல, காசு வேண்டாம்னும் இல்ல. ஆனா நம்ம நெலமைக்கு ஏத்த நியாயமான வசதிய மறுத்தா அதுவும் பாகுபாடுதான்னு அந்தச் சட்டமே சொல்லுது, நம்ம பிடிக்க வேண்டிய நூலு அதுதான். கூடுதல் நேரம் அப்படி ஒரு வசதிதான், சலுகைன்னு தலையக் குனிஞ்சு கேக்க வேண்டாம்.

எடமும் முக்கியம். தேசிய கட்டட விதித் தொகுப்புல வாசல்ல இருந்து 30 மீட்டருக்குள்ள நம்மளுக்கு ரெண்டு கார் எடம், ஒவ்வொண்ணும் 3.6 மீட்டர் அகலம்னு இருக்கு, கதவத் தொறந்து வீல்சேர பக்கத்துல எறக்கத்தான் அந்த அகலம். அங்கன பைக்க வரிசையா நிறுத்தியிருந்தா நம்பர் தெரியுதாப்புல போட்டோ எடுங்க.

ஒரு கடை வாசல்ல ஒருத்தன் என்னப் பாத்து "நடக்கவே முடியல, இவனுக்கெல்லாம் எதுக்கு வண்டி"ன்னு பத்து பேரு கேக்க சொன்னான், அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல. நாலு பேரு முன்னால வேணும்னே அவமானப்படுத்துனா அதே 2016 சட்டத்துல 92-வது பிரிவுல 6 மாசத்துல இருந்து 5 வருசம் வரைக்கும் ஜெயில் இருக்குன்னு எனக்கு அப்ப தெரியாது. உங்களுக்கு நடந்தா பக்கத்துல நிக்குத ரெண்டு பேர்ட்ட நம்பர் வாங்கிட்டு ஸ்டேஷனுக்குப் போங்க, வாயால சொல்லாம எழுதிக் குடுங்க.

மத்தபடி திங்கக்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள்ல மனு குடுக்கலாம், வர முடியாதவங்க முதல்வர் உதவி எண் 1100-க்கு போன் போடலாம். மனுவுல பொலம்பல் வேண்டாம். எந்த எடம், என்ன தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு காசு கூடுதலா வாங்குனாங்க, நம்மளுக்கு என்ன வேணும், "மாற்றுத்திறனாளி வாகனத்துக்கு ஒரு மணி நேரம்"னு போர்டுல எழுதணும்னு தெளிவா கேளுங்க. கார்டு காப்பி, டோக்கன், போட்டோ மூணையும் பின் பண்ணி, மனு ரசீது நம்பர வாங்காம அங்கன இருந்து கெளம்பாதீங்க.