ஹட்டன் ஈரத்துக்குத் தாங்கும் அலுமாரி

சமையலறையைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, மரச் சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த பழைய சிப்போர்ட் அலுமாரியின் அடிப்பக்கம் ஊதி உதிர்ந்துகொண்டிருந்தது. மே மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை இங்கே, இலங்கை மலையகத்து ஹட்டனில், சுவரே வியர்க்கும்.

நன்றாக உலர்ந்த பலாப் பலகையில் புதிதாகச் செய்தேன். ஈரத்தில் பலகை அகலவாக்கில்தான் உப்பும்; நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. ஆகவே கதவின் நடுப்பலகையைப் பசை போடாமல் சட்டத்தின் காடிக்குள் (உட்பக்கம் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள்) சும்மா நிற்கவிட்டு, இரு ஓரமும் 3 மில்லிமீட்டர் இடம் விட்டேன். இதுதான் உயிர்நாடி, இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வார்னிஷை உட்புறம், முதுகு, வெட்டுமுனை எங்கும் பூசினேன். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, கால் வைத்து நிறுத்தினேன்.

பக்கத்து வீட்டு மாமா காடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கதவுக்கும் அளவு கேட்டிருக்கிறார்.